அரங்கின் மேல் ஆலயம்

அகுஸ்து சீசர் தம் ஆட்சிக்குட்பட்ட மக்கள் அனைவரையும் கணக்கிடுமாறு கட்டளையிட்ட செய்தியை, ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் நள்ளிரவுத் திருப்பலியில் லூக்கா நற்செய்தியிலிருந்து கேட்கிறோம். அக்கட்டளைக்குப் பணிந்து சூசையப்பரும் அன்னை மரியாளும் பெத்லகேமை நோக்கி நடந்த அந்நாட்களை ஒட்டி, அதே அகுஸ்துவின் பேரரசின் மறுகோடியில், ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்குக் கடற்கரையிலுள்ள கார்த்தஹேனா நகரில், கொத்தர்கள் ஒரு குன்றின் சரிவைக் குடைந்து நாடக அரங்கு ஒன்றை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். கி.மு. 5-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அது கட்டப்பட்டது என்பது அறிஞர்களின் முடிவு. அகுஸ்து தம் மக்களாகத் தத்தெடுத்துக்கொண்ட பேரர்களான காயுஸ், லூசியுஸ் ஆகிய இருவருக்கும் அவ்வரங்கு காணிக்கையாக்கப்பட்டதைக் கூறும் கல்வெட்டுகள் இன்று நம் கண்முன் உள்ளன. பேரரசின் வாரிசுகளாக வளர்க்கப்பட்ட அவ்விளைஞர்களுள் ஒருவர் கி.பி. 2-இலும் மற்றவர் கி.பி. 4-இலும் மாண்டுபோயினர். அரங்கோ மண்ணுள் மறைந்து, ஊரார் நினைவினின்றும் மறைந்து, 1988-ஆம் ஆண்டில்தான் மீண்டும் தலைகாட்டிற்று. அதன்மேல் ஓர் ஆலயம் நின்றுகொண்டிருந்தது.

இவ்வரங்கைப் பேணிக் காத்த வரலாறு நம் குடும்பங்கள் அறிய வேண்டிய ஒன்று எனக் கருதியே இதை எழுதுகிறோம். கீழே கிடப்பது உரோமையரின் கலைச் செல்வம். மேலே நிற்பது கன்னிமரியின் பெயர் தாங்கிய பழம்பெரும் ஆலயம். ஒன்றை முழுமையாக வெளிக்கொணர வேண்டுமானால் மற்றொன்றைப் பெயர்த்தெடுக்க வேண்டும். இத்தகைய நிலையில் என்ன செய்வது?

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உரோமை என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது கொலோசேயம். அது நீள்வட்ட வடிவினது. வாட்போர் வீரர்களும் விலங்குகளும் மோதுவதற்கென அமைந்தது. நாடக அரங்கு வேறு. அது அரைவட்டமாக அமைந்த படிவரிசைகளையும், அவற்றுக்கு எதிரே நீண்ட மேடையையும், மேடைக்குப் பின்னே தூண்கள் அடுக்கிய உயர்ந்த சுவரையும் உடையது. நாடகமும் கூத்தும் அங்கே நடந்தன. சில நகரங்களில் ஊர்க்கூட்டமும் அங்கேயே கூடிற்று. திருத்தூதர் பணிகள் நூலின் 19-ஆம் அதிகாரத்தில், எபேசு நகர வெள்ளித் தட்டான் தெமேத்திரியு மூட்டிவிட்ட கலகத்தில், புனித பவுலின் தோழர் இருவரை மக்கள் இழுத்துக்கொண்டு ஓடியது இத்தகைய அரங்கினுள்தான். இரண்டு மணி நேரம் அங்கே கூச்சலிட்டார்கள். பவுல் உள்ளே செல்ல முனைந்தபோது சீடர்கள் தடுத்துவிட்டனர். எபேசின் அவ்வரங்கு இன்றைய துருக்கி நாட்டில் இன்றும் நிற்கிறது.

கார்த்தஹேனாவுக்குத் திரும்புவோம். கார்த்தேஜியர் நிறுவிய துறைமுகம் அது. கி.மு. 209-இல் உரோமைத் தளபதி சிப்பியோ அதைக் கைப்பற்றினார். அருகிலிருந்த வெள்ளிச் சுரங்கங்களால் செல்வம் கொழித்தது. அச்செல்வத்தின் அடையாளமே இவ்வரங்கு. 6,000 முதல் 7,000 பேர் வரை அமரக்கூடிய படிவரிசைகளின் பெரும்பகுதியைக் குன்றின் பாறையிலேயே வெட்டியமைத்தார்கள். அருகிலுள்ள கற்குழிகளில் கிடைத்த மஞ்சள் நிற மணற்கல் கட்டுமானத்துக்கு உதவிற்று. மேடையின் பின்சுவரை அணிசெய்த தூண்களுக்கு உள்நாட்டிலுள்ள மூலா என்னும் ஊரிலிருந்து இளஞ்சிவப்புக் கல் வந்தது; தூண் தலைகளுக்கு இத்தாலியின் கராரா பகுதிப் பளிங்கு கடல் கடந்து வந்தது. யூப்பித்தர், யூனோ, மினர்வா ஆகிய தெய்வங்களின் சின்னங்கள் செதுக்கிய மூன்று வட்டப் பளிங்குப் பீடங்களும் அகழ்வில் கிடைத்துள்ளன.

நூற்றாண்டுகள் சில கழிந்தன. கூத்து நின்றது, கட்டடம் சரிந்தது. 5-ஆம் நூற்றாண்டில் ஊரார் மேடையிருந்த இடத்தில், அரங்கின் கற்களையே எடுத்து ஒரு சந்தையைக் கட்டிக்கொண்டார்கள். அடுத்த நூற்றாண்டில் கான்ஸ்தாந்திநோப்பிளிலிருந்து கப்பலேறி வந்த பைசாந்தியர் நகரைக் கைக்கொண்டு, அவ்விடத்தில் சிறுசிறு வீடுகளை நெருக்கியடித்துக் கட்டினர். அந்த வேளையில் இவ்வூரைவிட்டு ஒரு குடும்பம் வெளியேறிச் செவீயா நகரில் குடியேறிற்று. குடும்பத் தலைவர் பெயர் செவேரியான். அவருடைய பிள்ளைகள் நால்வர் திருச்சபையில் புனிதர்களாக வணங்கப்படுகின்றனர்: லெயாந்தர், புல்ஜென்சியுஸ், புளோரன்தீனா, இசிதோர். மூவர் ஆயர்களாகவும், புளோரன்தீனா துறவியாகவும் வாழ்ந்தனர். கார்த்தஹேனாவில் ஒரு தெருவுக்கே 'நான்கு புனிதர்' என்று பெயர். பெற்றோரை இளமையில் இழந்த இசிதோரைத் தமையன் லெயாந்தரே வளர்த்தார் என்பர். ஒரே வீட்டில் நான்கு புனிதர் என்னும் இச்செய்தியை நம் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இளையவரான இசிதோர், தம் காலத்துக் கலைகள் யாவற்றையும் தொகுத்து 'சொற்பிறப்பியல்' என்னும் பெருநூலை எழுதினார். 1722-இல் திருச்சபை அவரை மறைவல்லுநராக உயர்த்திற்று. அந்நூலின் 18-ஆம் பகுதியில் போரையும் விளையாட்டுகளையும் பற்றிப் பேசுகையில் நாடக அரங்கையும் விளக்குகிறார். அது அரைவட்ட வடிவினது, உள்ளே மேடை உண்டு என்றெல்லாம் வரையறுத்துவிட்டு, அங்கு நடந்த ஒழுக்கக்கேட்டையும் கடுமையாகக் கண்டிக்கிறார். அவருடைய குடும்பத்தார் கார்த்தஹேனாவில் வாழ்ந்த நாட்களிலேயே அங்கிருந்த அரங்கின் மேடைப்பகுதி சந்தைக் கடைகளுக்கடியில் மறைந்துபோயிருந்தது என்பதை எண்ணும்போது நமக்கு வியப்பு உண்டாகிறது.

7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விசிகோத்தர் பைசாந்தியரை விரட்டினர். அதன்பின் இசுலாமியர் ஆண்டனர். 1245-இல் காஸ்தீல் நாட்டு இளவரசர் அல்போன்சு நகரை மீட்டார். 1250-இல் திருத்தந்தை 4-ஆம் இன்னோசென்ட் பழைய மறைமாவட்டத்தை மீண்டும் நிறுவினார். அந்நூற்றாண்டிலேயே, அரங்கின் மேற்படிகள் புதைந்துகிடந்த மேட்டின்மீது புனித மரியன்னை ஆலயம் எழுந்தது. கீழே என்ன இருக்கிறது என்பதை அறியாமலேயே அடித்தளம் இட்டார்கள். பழைய தூண்களும் கற்களும் கைக்கு அகப்பட்டபோது சுவர்களில் சேர்த்தும் கொண்டார்கள்.

அவ்வாலயத்தின் வரலாறு துயரம் மிக்கது. கடற்கொள்ளையர் அச்சமும் பிறவும் காரணமாகக் கட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே ஆயரின் இருக்கை உள்நாட்டு நகரான முர்சியாவுக்கு மாற்றப்பட்டது. 1289-இல் திருத்தந்தை 4-ஆம் நிக்கோலாஸ் அதற்கு இசைவளித்தார். மறைமாவட்டத்தின் பெயரோ இன்றளவும் கார்த்தஹேனா மறைமாவட்டம் என்பதே. ஆயரின் பேராலயம் மட்டும் முர்சியாவில். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விக்டர் பெல்த்ரீ என்னும் கட்டடக் கலைஞர் பழைய ஆலயத்தைப் புதுக்கிச் சீரமைத்தார். 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆலயம் சூறையாடப்பட்டது, துறைமுகத்தைக் குறிவைத்த குண்டுவீச்சுகளால் மேலும் சிதைந்தது. போர் முடிந்தபின் அதை எழுப்ப எவரும் முன்வரவில்லை. கூரையிழந்த சுவர்களும் வளைவுகளும் வெயிலிலும் மழையிலும் நின்றன. சுற்றிலும் மீனவரும் ஏழைத் தொழிலாளரும் வாழ்ந்த பழைய குடியிருப்பு நாளுக்கு நாள் சீரழிந்தது.

இந்த நிலையில்தான் 1988-இல், ஆலயத்தின் அருகே பழைய மாளிகை ஒன்றிருந்த மனையில் கைத்தொழில் மையம் ஒன்று கட்டுவதற்காக நிலத்தைத் தோண்டினர். ஸ்பெயினில் பழைய நகர்ப்பகுதிகளில் அடித்தளம் இடுமுன் தொல்லியலார் ஆய்ந்து பார்ப்பது வழக்கம். சந்தையின் சுவர்கள் தென்பட்டன. அவற்றுக்கடியில் உரோமையரின் செதுக்குக் கற்கள் தென்பட்டன. முர்சியா பல்கலைக்கழகப் பேராசிரியர் செபஸ்தியான் ரமால்யோவும் எலேனா ரூயிசும் தலைமையேற்று அகழ்ந்தபோது, ஓர் அரங்கே கீழே கிடப்பது தெளிவாயிற்று. கைத்தொழில் மையம் அவ்விடத்தில் எழவில்லை. அகழ்வு 2003 வரை நீண்டது.

அகழ்வு என்பது திரும்பச் செய்ய இயலாத செயல் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். நூலைப் படித்து முடித்தபின் மீண்டும் முதல் பக்கத்துக்குப் போகலாம். மண்ணடுக்கை ஒருமுறை நீக்கிவிட்டால் அது போயிற்றுதான். கார்த்தஹேனாவில் அரங்கின் தரையைத் தொடுமுன் அண்மைக்கால வீடுகள், இடைக்கால வீடுகள், இசுலாமியர் குடியிருப்பு, பைசாந்தியர் குடியிருப்பு, சந்தை என்று ஒவ்வோர் அடுக்காகக் கடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் அளந்து, வரைந்து, நிழற்படமெடுத்து, கிடைத்த பானை ஓடுகளையும் நாணயங்களையும் எண்ணிட்டுப் பைகளில் இட்ட பின்னரே அடுத்ததற்கு இறங்கினார்கள். அவ்வகையில் புனித இசிதோரின் குடும்பத்தார் காலத்துக் கார்த்தஹேனாவைப் பற்றி முன்பு நூல்களில் இல்லாத செய்திகள் பல கிடைத்தன. ஆயினும் அந்த எளிய வீடுகளின் பெரும்பகுதி அரங்குக்காக அகற்றப்பட்டது என்பதும் உண்மை. பேரரசனின் பளிங்கு வெளிவர, வணிகனின் மண்சுவர் போக வேண்டியதாயிற்று. இதில் நமக்கு முழு உடன்பாடு இல்லை. எனினும் முற்றிலும் வேறு வழி இருந்தது என்றும் சொல்லத் துணியோம்.

1964-இல் வெனிசு நகரில் கூடிய வல்லுநர் இயற்றிய சாசனம் ஒன்று இவ்விடயத்தில் உலகெங்கும் வழிகாட்டியாக விளங்குகிறது. பல காலத்தவர் ஒரே கட்டடத்தில் சேர்த்த நற்பணிகள் அனைத்தையும் மதிக்க வேண்டும். மேலுள்ளது சிறு மதிப்புடையதாகவும் கீழுள்ளது பெருமதிப்புடையதாகவும் இருந்தாலன்றி மேலுள்ளதை நீக்கலாகாது. அதையும் பணியை ஏற்றவர் ஒருவரே தனித்து முடிவுசெய்யலாகாது என்பது அதன் 11-ஆம் விதியின் சாரம். பாழடைந்த வீடுகள் விடயத்தில் முடிவு எளிதாயிருந்திருக்கலாம். ஆலயம் விடயத்தில் அப்படியன்று. கூரை இல்லை, பீடம் இல்லை, திருப்பலி இல்லை. எனினும் அது ஆலயம். ஏழு நூற்றாண்டுகளாக அவ்வூரார் திருமுழுக்குப் பெற்றதும் மணமுடித்ததும் இறந்தோரை இறுதியாகக் கொண்டுவந்ததும் அங்கேதான். அதன் சுவர்களைப் பிரித்தெடுத்திருந்தால் அரங்கின் மேற்படிகள் இன்னும் முழுமையாகத் தெரிந்திருக்கும். பிரித்தெடுக்கவில்லை. அரைவட்டத்தின் ஒரு பகுதி ஆலயத்துக்கடியிலேயே விடப்பட்டது. அவ்வாறு விட்டதே இப்பணி முழுவதிலும் சிறந்த செயல் என்பது நம் கருத்து.

வெளிக்கொணர்ந்ததைக் காப்பது அகழ்வதைவிடக் கடினம். மண் ஒரு நல்ல போர்வை. மண்ணுள் கிடந்தவரை கல்லுக்கு வெயில் இல்லை, மழையின் வேகம் இல்லை, வெப்பமும் குளிரும் மாறிமாறித் தாக்குவதில்லை. போர்வையை நீக்கிய நாள்முதல் எல்லாம் தொடங்குகின்றன. கடற்கரை ஊராதலால் காற்றில் உப்பு உண்டு. மணற்கல்லின் நுண்துளைகளில் உப்புநீர் புகுந்து, காய்ந்து, படிகமாகும்போது உள்ளிருந்தே கல்லை நெருக்குகிறது. மேற்பரப்பு மாவாக உதிர்கிறது. இடுக்குகளில் விழும் விதை முளைத்து வேர் பாய்ச்சுகிறது. வழிதேடும் மழைநீர் அடித்தளத்தை அரிக்கிறது. ஆகவே பழம்பெரும் இடிபாடுகளைப் பேணுவோர் முதலில் கவனிப்பது மழைநீர் வடியும் வழியைத்தான். பார்ப்பவர் கண்ணுக்கு அது புலப்படுவதே இல்லை. புலப்படும் தூண்களுக்கே பாராட்டுக் கிடைக்கிறது.

நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே கல்லுக்கு எமனாக முடிந்ததும் உண்டு. சிமெண்டு வலிமையானது என்று நம்பிப் பழங்கற்களுக்கிடையே அதைப் பூசினர். அது ஈரத்தை வெளியேற விடாது. தன்னிலுள்ள உப்பையும் கல்லுக்குள் இறக்கிவிடும். கல்லைவிடக் காரை மென்மையாயிருக்க வேண்டும், தேய்வதானால் காரையே தேய வேண்டும் என்பதை அறிந்திருந்த பழங்காலக் கொத்தர்கள் சுண்ணாம்பைக் கையாண்டதன் பொருள் இப்போதுதான் விளங்குகிறது. ஏதென்சு நகரின் பார்த்தெனோன் கோவிலில் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பழுதுபார்த்தவர்கள் இரும்புக் கவ்விகளைப் பொருத்தினர். இரும்பு துருப்பிடித்துப் பருத்தது; பளிங்கு பிளந்தது. 1975-க்குப் பின் அவற்றைக் களைந்து, துருவேறாத டைட்டானியக் கம்பிகளைப் பொருத்தும் பணி தலைமுறைகளாக நடந்துவருகிறது.

இன்னொரு கேள்வி, எந்த அளவு புதிதாகக் கட்டலாம் என்பது. ஸ்பெயினிலேயே வலென்சியாவுக்கு வடக்கிலுள்ள சகுந்தோ என்னும் ஊரில் வேறோர் உரோமை அரங்கு உண்டு. 1990-க்கும் 1993-க்கும் இடையே ஜோர்ஜோ கிராசி, மனுவேல் போர்த்தசெலி என்னும் கட்டடக் கலைஞர் இருவர் அதைச் சீரமைத்தனர். பழைய படிகளின்மேல் வெண்கல் பலகைகளைப் பதித்தனர். மேடையின் பின்னே செங்கல்லால் உயர்ந்த சுவர் எழுப்பினர். நாடகம் நடத்தத் தகுதியான அரங்கு கிடைத்தது. ஆனால் இடிபாட்டைப் பார்க்க வந்தவர் புதுக் கட்டடத்தைப் பார்த்துத் திகைத்தனர். வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. பண்பாட்டுச் செல்வங்களைப் பற்றிய 1985-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இது முரணானது என்று தீர்ப்பாயிற்று. 2000-இல் ஸ்பெயினின் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. புதிதாகப் பதித்ததைப் பெயர்க்க வேண்டுமென்றால் அடியிலுள்ள பழையதும் நொறுங்கும் என்ற அச்சம் எழுந்தது. பல்லாண்டு வாதத்துக்குப்பின், தீர்ப்பை நிறைவேற்ற இயலாது என்று விடப்பட்டது. அரங்கு இன்றும் அப்படியே உள்ளது.

கார்த்தஹேனாவில் அந்த வழியில் செல்லவில்லை. சிதறிக் கிடந்த தூண்களில் பொருந்தியவற்றை மட்டும் மேடையருகே மீண்டும் நிறுத்தினார்கள். இளஞ்சிவப்புத் தூண்கள் சில நிற்க, மற்றவற்றின் இடம் வெறுமையாய் உள்ளது. பின்சுவர் முழுவதையும் எழுப்பிக் காட்டும் ஆசையை அடக்கிக்கொண்டது பெருந்தன்மை.

இங்கே வாசகர் ஒருவர் கேட்கக்கூடும்: பொய்த்தெய்வங்களின் பீடம் இருந்த அரங்கின்மேல் நமக்கு என்ன பரிவு? தெர்த்துல்லியன் 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காட்சிகளைக் கண்டித்து ஒரு நூலே எழுதவில்லையா? எழுதினார், தக்க காரணமும் இருந்தது. அரங்குகளில் கிறிஸ்தவரின் திருமுழுக்கையே கேலிக்கூத்தாக நடித்துக் காட்டிய காலமுண்டு. அத்தகைய கூத்தில் திருமுழுக்குப் பெறுபவனாக நடித்த ஜெனேசியுஸ் என்பவர் மேடையிலேயே மனந்திரும்பி, மறைசாட்சியாக மாண்டார் என்பது நெடுங்கால மரபு. நடிகர்களின் பாதுகாவலராக அவரையே திருச்சபை கொண்டாடுகிறது. கூத்தைக் கண்டித்த அதே திருச்சபை, கூத்து மறைந்தபின் கல்லைக் காக்க முன்வந்ததும் வரலாறே. 1462-இல் திருத்தந்தை 2-ஆம் பத்திநாதர், உரோமை நகரின் பழங்கட்டடங்களை இடிப்பதையும் அவற்றின் கற்களைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவதையும் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். அவ்வாணையை அவருக்குப் பின் வந்தோர் எல்லாரும் மதித்தார்கள் என்று சொல்ல முடியாது. கொலோசேயத்தின் கற்கள் பல மாளிகைகளுக்குப் போயின. பின்னர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிலநடுக்கத்தால் கொலோசேயத்தின் கீழ்ப்புற வெளிச்சுவர் சரியும் நிலையில் இருந்தபோது, திருத்தந்தை 7-ஆம் பத்திநாதர் பெரும் செங்கல் முட்டுச்சுவரைக் கட்டுவித்தார். இடித்துவிடுவதே மலிவு என்று எண்ணியவர்களும் இருந்தனர். சரிந்துகொண்டிருந்த கற்கள் எந்நிலையில் இருந்தனவோ அந்நிலையிலேயே செங்கல்லால் பிடித்து நிறுத்தப்பட்டன. விழப்போகும் கல் ஒன்று இருநூறு ஆண்டுகளாக விழாமல் நிற்பதை இன்றும் அங்கே காணலாம்.

கார்த்தஹேனாவில் எஞ்சியிருந்த சிக்கல், அரங்கையும் ஆலயத்தையும் பார்வையாளருக்கு எவ்வாறு சேர்த்துக் காட்டுவது என்பது. அப்பொறுப்பை ஸ்பெயினின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ரஃபாயேல் மொனேயோ ஏற்றார். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 2002-இல் அர்ச்சிக்கப்பட்ட தேவதூதர்களின் அன்னை பேராலயத்தை வடிவமைத்தவரும் இவரே. கார்த்தஹேனாவில் இவர் அமைத்த அருங்காட்சியகம் 2008-இல் திறக்கப்பட்டது. நகர மன்றத்துக்கு எதிரேயுள்ள பழைய மாளிகையொன்றில் நுழைகிறோம். அங்கிருந்து நிலத்தடி வழியொன்று தெருவைக் கடந்து மற்றொரு கட்டடத்தில் சேர்க்கிறது. தூண் தலைகளும் பீடங்களும் கல்வெட்டுகளும் அங்குள்ள கூடங்களில் வைக்கப்பட்டுள்ளன. தளந்தளமாக மேலேறியபின் வழி மீண்டும் இருண்டு குறுகுகிறது. இம்முறை நாம் நடப்பது ஆலயத்துக்கடியில். அதைக் கடந்ததும் வெயில் கண்ணைக் கூச, அரங்கின் மேற்படிகளில் நிற்கிறோம். கீழே மேடை, பின்னால் ஆலயத்தின் சுவர்.

ஆலயத்தை மீண்டும் எழுப்பித் திருப்பலி நிறைவேற்ற வேண்டும் என்று ஊரார் பலர் நெடுங்காலமாகக் கேட்டுவருகின்றனர். இடிபாடாகவே விட்டால் போர் விளைத்த அழிவுக்கு அது சான்றாக நிற்கும் என்று கருதலாம். ஆனால் கூரையில்லாத சுவர் நாளுக்கு நாள் உதிரும். கூரை போட வேண்டுமானால் அதன் பாரத்தைத் தாங்க அடித்தளத்தை வலுப்படுத்த வேண்டும். அடித்தளத்துக்குக் கீழே இருப்பதோ அகுஸ்து காலத்து அரங்கின் படிகள். அரங்கைக் காக்க ஆலயத்தைத் தொடாமல் விட்டவர்களுக்கு, ஆலயத்தை எழுப்ப அரங்கைத் தொடாமலிருக்கும் வழியையும் கண்டறிய வேண்டிய கடமை இருக்கிறது.